ஷோகேஸுக்குள் இரைந்த பெட்டி

முத்துவீரன் மச்சானைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரே கருத்துதான் இருந்தது. நல்ல மனுசன், உழைப்பாளி, ஆனால் பெண்டாட்டி கூப்பிட்டால் ஏனென்று கேட்கமாட்டார். இந்தக் கருத்தைப் பரப்பியவள் என் அக்கா வெங்கடேஸ்வரி. அவள்தான் அந்தப் பெண்டாட்டி.

அதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. மச்சான் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்த புதிது. ராஜபாளையத்தில், முடங்கியார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார்கள். ஒருநாள் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து பாம்பு வந்தது. அக்கா "பாம்பு, பாம்பு" என்று கத்தியிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அடுத்த சந்திலிருந்து ஆட்கள் கம்போடு வந்தார்கள். மச்சான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பாம்பை அடித்துக் கம்பில் தொங்கவிட்டு முன்வாசல் வழியாகக் கொண்டுபோனபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாம்பு?" என்று கேட்டார்.

அக்கா இதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. சொல்லும்போது மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். தன்னைப் பற்றியதை இவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொள்கிறாரே என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அவர் ஊர் திரும்பியபோது 'எல்லையைக் காத்த சிங்கமே வருக' என்று சேத்தூர் முக்கில் பேனர் கட்டினோம். பேனர் அடித்தது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் எனக்குப் பிளெக்ஸ் கடை. பாம்பு விஷயத்துக்கு அப்புறம் அந்தப் பேனரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மச்சானுக்குச் சேத்தூரில் அப்பா வழியில் வந்த தென்னந்தோப்பு இருக்கிறது. காலையில் பைக்கில் போய்த் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அக்கா பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். பொண்ணு கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறது. ஆகவே சாயங்காலம் இருவருக்கும் டிவிதான்.

பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதில் நிறையப் படங்கள். ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்கு மாற்றலாகும் ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் காப்பி பண்ணிக்கொள்வார்களாம். தமிழ், மலையாளம், பஞ்சாபி என்று எல்லாம் கலந்து கிடந்தது. டிவியில் செருகினால் பாதிப் படங்கள் ஓடின. மீதிப் படங்கள் தன்னால் முடியாது என்று டிவி சொல்லிவிட்டது. என் கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் சதீஷிடம் மச்சானைக் கூட்டிப்போனேன்.

"டிவிக்குக் கீழ வைக்கிற சின்ன கம்ப்யூட்டர் ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி. டிபன் கேரியரப் படுக்கப் போட்ட மாதிரிதான் இருக்கும். என்ன படம் குடுத்தாலும் ஓடும்" என்றான் சதீஷ்.

யாரோ வைத்திருந்து விற்றது. மச்சான் வாங்கி வந்து டிவிக்குக் கீழே ஷோகேஸுக்குள் வைத்தார். அந்த ஷோகேஸ் நான் பால்காய்ப்புக்குச் சீராகச் செய்தது. தேக்குக் கலரில் பிளைவுட், முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் அடைத்த பலகை. எறும்புகூட நுழைய முடியாதபடி செய்யச் சொல்லி ஆசாரியிடம் நின்று வாங்கியது.

காற்றும் நுழைய முடியவில்லை. முதல் படம் போட்டு அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்த விசிறி இரைய ஆரம்பித்தது. கதாநாயகன் பேசுவது கேட்கவில்லை என்று மச்சான் சத்தத்தைக் கூட்டினார். விசிறி அவரைவிடக் கூட்டியது. படத்தில் ஒரு சாவு வீடு வந்தது. எல்லோரும் மௌனமாக நிற்கிற காட்சி. அந்த மௌனத்தில் மாவு மில் ஓடியது.

அக்காவுக்கு அதில் குறையொன்றும் இல்லை. அது கார்த்திகை மாதம். ஷோகேஸ் மேல்பலகை எப்போதும் வெதுவெதுவென்று இருந்ததால், இட்லி மாவுச் சட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். குளிர்காலத்தில் புளிக்காத மாவு ஒரு படம் முடிவதற்குள் பொங்கிவிடும். படம் நீளமாக இருந்தால் வழிந்துவிடும்.

சித்திரை வந்ததும் நிலைமை மாறியது. பத்துக்குப் பத்து முன்னறை. வெளியே வெயில், உள்ளே பெட்டி. படம் முடிந்து எழுந்திருக்கும்போது பாய் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் அக்கா.

இது அவருக்குக் கேட்டது. முகத்துக்கு நேரே சொன்னாள்.

அதன்பிறகு மச்சான் செய்ததெல்லாம் பட்டாளத்து முறையில்தான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றிவிட்டுப் பார்ப்பது. தேறினால் அடுத்தது. சதீஷிடமிருந்து பிளக்கில் மாட்டும் ஒரு சின்ன மீட்டர் வாங்கிவந்தார். எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று அதில் நம்பர் ஓடும். படம் ஓடும்போது அறுபது வாட்டுக்கு மேல் காட்டியது. சும்மா இருக்கும்போதும் பெரிதாகக் குறையவில்லை.

முதலில் ரம்பம் எடுத்தார். ஷோகேஸின் பின்பலகையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக அறுத்தெடுத்தார். அக்கா எனக்குப் போன் போட்டாள்.

"ஏலே சமுத்திரம், நீ செஞ்ச சீர ஒங்க மச்சான் அறுத்துக்கிட்டு இருக்காரு. வந்து பாக்கியா?"

போய்ப் பார்த்தேன். நேர்த்தியாக அறுத்திருந்தார். ஓரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் இருந்தார். "நல்லா வட்டமா வந்திருக்கு மச்சான்" என்றேன்.

"காம்பஸ் வச்சுப் போட்டது மாப்ள" என்றார்.

அடுத்து பெட்டியைத் திறந்தார். உள்ளே விசிறிக்கும் அதன் கீழே இருந்த அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி விரித்தது போலப் பஞ்சு. எங்கள் ஊர்ப் பக்கம் மில்லுக்குப் பஞ்சமில்லை, காற்றிலேயே பஞ்சு வரும். அக்கா சேலையோடும் கொஞ்சம் வரும். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடித்தார்கள். காற்று வேகத்தில் விசிறி தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுவிடும் என்று சதீஷ் சொல்லியிருந்ததால், மச்சான் இறக்கைக்கு நடுவே ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். காய்ந்து பொடியாகிப்போயிருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்து எடுத்துவிட்டு, சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற புதுப் பேஸ்ட் வைத்தார்.

திரும்பப் பஞ்சு ஏறாமலிருக்க அக்கா கம்பெனியிலிருந்து கழித்துப்போட்ட பேண்டேஜ் துணி கொண்டுவரச் சொன்னார். பெட்டியில் காற்றுப் போகிற துளைகள்மேல் இரண்டாக மடித்துக் கட்டினார். சூடு கூடிவிட்டது. மடிப்பைப் பிரித்து ஒற்றையாகக் கட்டினார். சரியாகிவிட்டது. பெட்டி பார்ப்பதற்குக் கீழே விழுந்து அடிபட்டு ஆஸ்பத்திரி போய்வந்தது மாதிரி இருந்தது.

சத்தம் குறைந்தது, ஆனால் மீட்டரில் நம்பர் குறையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சதீஷ் வீட்டுக்கே வந்தான். படத்தை ஓடவிட்டு, படம் ஓட்டுகிற சாப்ட்வேரின் செட்டிங்ஸைத் திறந்து செத்த நேரம் பார்த்தான்.

"அண்ணாச்சி, படத்த விரிச்சுக் காட்டுற வேலைய அம்புட்டையும் புராசஸரே செய்யுது. அதுக்குன்னே கிராபிக்ஸ் பக்கம் தனியா ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கான். அவன யாரும் கூப்பிடல."

அதிலிருந்த ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டான். மீட்டர் சரிபாதிக்கு இறங்கியது. விசிறி மூச்சு வாங்குவதை நிறுத்தியது. நாங்கள் மூன்று பேரும் ஷோகேஸின் பின்பக்க வட்டத்தைப் பார்த்தோம்.

"ஓட்டை இருக்கறதும் நல்லதுதான்" என்றான் சதீஷ்.

அன்றைக்கே அவன் இன்னும் சில வேலைகளையும் சொல்லிக்கொடுத்தான். புராசஸர் தேவையில்லாமல் துள்ளிக் குதிக்காதபடி வேகத்துக்கு ஒரு கட்டுப் போடுவது. சூடு எந்த அளவுக்கு ஏறினால் விசிறி எந்த அளவுக்கு ஏற வேண்டும் என்று வரைந்துகொடுப்பது. சின்ன விசிறியை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றுகிற அகலமான விசிறியை மேல்மூடியில் மாட்டுவது. கம்ப்யூட்டர் கிளம்புவதற்கு மட்டும் சுழலாத, சத்தமில்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டான். படங்கள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று பலகையை அதிரவைத்தது. மச்சான் சைக்கிள் டியூபை வார்வாராக நறுக்கி, ஷோகேஸின் கீழ்த்தட்டில் அதைத் தொங்கவிட்டார்.

"தொட்டில் கட்டியிருக்காரு" என்று அக்கா தெருவில் சொன்னாள். ஓசூரில் பொண்ணுக்கு விசேஷம் என்று நினைத்து நான்கு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஆடி மாதம் நான் போனபோது பெட்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. கையை வைத்தால் லேசான சூடு. மீட்டரில் இருபதுக்குக் கீழே காட்டியது. கரண்டு போனாலும் இன்வெர்ட்டரில் ஒரு முழுப் படம் பார்க்கலாம் என்றாள் அக்கா. அவளுக்கு ஒரே வருத்தம், மாவு புளிக்க நேரமாகிறது.

"முடிஞ்சிட்டுல மச்சான்?" என்றேன்.

"இல்ல மாப்ள. இன்னும் ஒரு சத்தம் இருக்கு. ஙொய்ங்குது."

நான் குனிந்து காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. அக்கா ஏற்கெனவே வைத்துப் பார்த்திருந்தாள்.

"மெல்லிசா, ஒரே மட்டத்துல வருதுல்லா? படத்துல பேச்சு நின்னவுடனே கேக்கும். கவனிச்சுக் கேளு."

கவனித்துக் கேட்டேன். பக்கத்துத் தெருவில் தறி ஓடுவது கேட்டது. அதைச் சொன்னேன். அது இல்லை என்றார்.

சதீஷைக் கேட்டோம். தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் அவன் ஒரு விளக்கம் சொன்னான். "அடாப்டருக்குள்ள காயில் இருக்கு அண்ணாச்சி. கரண்டு போறப்ப அது நடுங்கும். ரொம்ப மெல்லிசா விசிலடிக்கும். எல்லாருக்கும் கேக்காது. காது நல்லா கூர்மையா இருக்கறவங்களுக்குத்தான்."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பட்டாளத்துக் காதுல்லா" என்றார்.

புது அடாப்டர் மாட்டினார்கள். ஙொய் போகவில்லை. அதை மாற்றி வேறு கம்பெனி மாட்டினார்கள். அதிலும் ஙொய். மச்சான் வீட்டிலிருந்த பிளக் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். செட்டாப் பாக்ஸ், கொசு மருந்து, போன் சார்ஜர். ஒருநாள் பிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு மாட்ட மறந்து, மாவு புளித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், செத்த நேரம் உங்கள் வீட்டு மெயினை அணைக்க முடியுமா என்று கேட்டார். பட்டாளத்துக்காரர் கேட்கிறாரே என்று அவரும் அணைத்தார்.

கடைசியில் சதீஷுக்கும் அவருக்கும் வாய்த் தகராறு ஆகிவிட்டது. நீ கொடுப்பதெல்லாம் டூப்ளிகேட் சாமான் என்று கடையில் ஆட்கள் இருக்கும்போது சொல்லிவிட்டார். அதற்கப்புறம் சதீஷ் அவர் போனை எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரன் நான். டீ சொன்னால் முன்பெல்லாம் அவனுக்கும் சேர்த்து வரும். அந்த வாரம் தனித்தனியாக வந்தது.

ஆவணியில் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்டு நிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். காலையில் கரண்டு போனது. தறிகள் நின்றன. அக்காவுக்குக் கம்பெனி லீவு, பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் இன்வெர்ட்டரையும் அணைத்தார். பெட்டியின் ஒயரை உருவிக் கையில் வைத்துக்கொண்டு ஷோகேஸுக்கு முன்னால் உட்கார்ந்தார். ராஜபாளையமே சத்தமில்லாமல் இருந்தது.

ஙொய் என்று கேட்டது. எப்போதும்விடத் தெளிவாகக் கேட்டது.

ஒயரைக் கீழே வைத்துவிட்டு பைக்கை எடுத்தார். நேராகச் சேத்தூர்த் தோப்புக்குப் போனார். அங்கேயும் கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை. நடுத்தோப்பில் மட்டைமேல் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து ஓடைக்கரை வரை நடந்துபோய் நின்று பார்த்தார். அங்கேயும் அது கூடவே வந்திருந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் பயந்துவிட்டேன் மாப்ள என்று பிறகு என்னிடம் சொன்னார். குண்டு விழுகிற இடத்தில் இருந்தபோது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்களாம்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். என் கடைக்குள் வராமல் நேராகச் சதீஷ் கடைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். மறுபடியும் தகராறோ என்று பயம்.

"தம்பி, அடாப்டர்ல தப்பு இல்ல" என்றார்.

சதீஷ் ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "பொறவு எதுல அண்ணாச்சி?"

மச்சான் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "இதுல."

சதீஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டான். டீ சொன்னான். மூன்று டீயும் சேர்ந்து வந்தது.

காது டாக்டரம்மாவிடம் அக்காவும் நானும் கூடப் போனோம். மச்சானைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவர் கையில் பொத்தானைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் அமுக்கவே இல்லை. வெளியில் நின்ற எங்களுக்கு, பரீட்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று பட்டது. அது பாதி முடிந்திருந்தது.

டாக்டரம்மா ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு நேராகப் போய்ப் பாதியில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

"என்ன வேலை பாத்தீங்க?"

"பீரங்கிப் படைங்கம்மா."

"காதுக்கு என்ன வச்சுக்குவீங்க?"

"பஞ்சுங்கம்மா. அதுவும் எப்பவாச்சுந்தான்."

உள்காதில் மேல்சுருதியைக் கேட்கிற நரம்பு பழுதாகிவிட்டது, இல்லாத சத்தத்தைக் காதே உண்டாக்கிக்கொள்கிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். முழுக்க நிறுத்துவதற்கு மருந்து இல்லை. காதுமெஷின் வைத்தால் கேட்பது கூடும், இரைச்சலும் பெரிதாகத் தெரியாது. ஒரேயடியாக அமைதியான இடத்தில் உட்கார வேண்டாம், மெல்லிய சத்தம் ஏதாவது பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

"எங்கூட நல்லாத்தான் பேசுவாரு டாக்டர்" என்றேன் நான்.

"ஆம்பளைக் குரல் கீழ்ச்சுருதி, அது கேக்கும். குருவிச் சத்தம், குக்கர் விசில், பொம்பளைங்க குரல் இதெல்லாம் அவருக்குச் சரியா விழாது. எதிர்ல இருந்தா வாயசைவ வச்சுச் சமாளிச்சிருவாரு. வேற ரூம்ல இருந்து கூப்பிட்டா ஒண்ணும் புரியாது."

அக்கா கேட்டாள். "கத்திக் கூப்பிட்டா?"

"கத்தினா நம்ம குரல் இன்னும் மேல போயிரும். அது இன்னும் கஷ்டம்."

ஆட்டோவில் வரும்போது அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் பாம்பு வந்தப்ப நெசமாவே கேக்கலியா?"

"என்னைக்கு?"

"நான் கொல்லையில கெடந்து கத்துனேனே. நீங்க இங்கன பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தியளே."

"செத்த பாம்பத் தூக்கிட்டுப் போனாங்க, அதப் பாத்தேன். நீ கத்துனியா?"

"கல்யாண வீட்டுலயெல்லாம் சொல்லுவேனே. நீங்களும் சிரிப்பியளே."

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் சிரிச்சிய. நானும் சிரிச்சேன்."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். மூக்கைச் சிந்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது. அவர் என்னைப் பார்த்து, "என்னய்யா சொல்லுவா கல்யாண வீட்டுல?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் முழுக்க அக்கா சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டாள். அவிய மேல தப்பில்ல, காது அப்படி, பீரங்கி அப்படி என்று ஒவ்வொருத்தருக்கும் விளக்கினாள். பழைய கதை அளவுக்கு இது எடுபடவில்லை. தளவாய்புரத்தில் இருக்கும் சுடலையம்மாள் அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் ஏட்டி. 'என்ன பாம்பு'ன்னு கேட்டாரா இல்லையா?" என்றாள்.

"கேட்டாரு."

"பொறவு என்ன" என்று போனை வைத்துவிட்டாள்.

முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தில் காதுமெஷின் கிடைக்கும் என்றார்கள். மதுரைக்குப் பலமுறை அலைந்து, தை மாதம் வாங்கி வந்தார். காதுக்குப் பின்னால் தோல் கலரில் இருந்தது. மாட்டிக்கொண்ட முதல் வாரம் பெரிய கொடுமை என்றார். பேப்பரைப் புரட்டினால் தகரக்கொட்டகை சரிகிறது. காஸ் அடுப்பு சீறுகிறது. அக்கா வளையலைக் கழற்றிவிட்டுத்தான் சப்பாத்தி உருட்ட வேண்டியிருந்தது. பெட்டியை இவ்வளவு சத்தம் குறைத்துவிட்டோம், வீட்டில் மற்ற சாமானையெல்லாம் இப்படியா விட்டுவைத்திருந்தோம் என்று கேட்டார்.

ஒருநாள் நான் இருக்கும்போதே, அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தாள். மச்சான் டிவியிலிருந்து தலையைத் திருப்பினார்.

"இம்புட்டு நாளும் நீ இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தியா?"

அக்கா பாத்திரத்தை வைத்தாள். "முந்தியெல்லாம் இன்னும் சத்தமாச் சொல்லுவேன்" என்றாள்.

டாக்டரம்மா சொன்ன மெல்லிய சத்தத்துக்குச் சதீஷ்தான் வழி பண்ணினான். மழை பெய்கிற சத்தத்தைப் பெட்டியில் ஏற்றி, பகலெல்லாம் தாழ்வாக ஓடும்படி வைத்தான். டிவியை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் மட்டும் ஓட்டினால், மீட்டர் பத்துக்கு மேல் தாண்டுவதில்லை. மாசக்கணக்கில் பாடுபட்டுச் சத்தத்தை ஒழித்த பெட்டியிலிருந்து இப்போது சத்தம் வாங்குகிறோமே என்று யாரும் பேசவில்லை. அக்கா மட்டும், மழைச் சத்தம் போட்ட முதல்நாள், காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைக்கு ஓடினாள். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று துணியை எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

மச்சான் இப்போதெல்லாம் கூப்பிட்டால் வருகிறார். சில சமயம் கூப்பிடாமலும் வந்து, "கூப்பிட்டியா?" என்று கேட்கிறார். இது கொஞ்சம் தொந்தரவாக இருக்கிறது என்று அக்கா சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

பங்குனியில் வ. புதுப்பட்டியிலிருந்து கருத்தையா வந்திருந்தார். மச்சானோடு ஒரே பீரங்கியில் வேலை பார்த்தவர், இப்போது வத்திராயிருப்புப் பக்கம் நெல் விவசாயம். இரண்டு பேரும் போனில் பேசினால் எதிர்வீடு வரை கேட்கும், அப்படியொரு சிநேகம். நானும் அன்று அங்கே இருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரு படம் போட்டார்கள். மச்சான் பெட்டியைப் பெருமையோடு காட்டினார். ரம்பம், பேண்டேஜ், டியூப், டிக் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கருத்தையா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

படத்தில் பேச்சில்லாத ஒரு காட்சி வந்தது. மச்சான் அவரைப் பார்த்தார்.

"ஏலே, இப்ப ஒனக்கு ஙொய்னு ஒரு சத்தம் கேக்குதா?"

"ஆமா."

"பெட்டியிலருந்தா?"

"பெட்டிக்கு என்ன? அது எப்பவும் கேக்கறதுதான."

"எப்பவுமா?"

"எல்லாருக்கும் கேக்கும்லா?" என்றார் கருத்தையா.

மச்சான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு பைக் சாவியோடு வந்தார்.

"எந்திரி. டாக்டரம்மா வீட்டுக்குக் கெளம்புறதுக்குள்ள போயிரணும்."

"எனக்கென்ன நோக்காடு?"

"ஒரு பொத்தான் குடுப்பாங்க. வா, சொல்றேன்."

இருவரும் வாசலில் பைக்கில் ஏறினார்கள். மச்சான் கிளப்பினார். அக்கா உள்ளே அடுப்படியிலிருந்து, "சாப்பாடு ஆயிட்டு, சாப்பிட்டுப் போங்க" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மச்சான் பைக்கை அணைத்து ஸ்டாண்டு போட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த கருத்தையா இறங்கவில்லை.

"ஏன் நிப்பாட்டிட்ட?"

"சாப்பிட்டுப் போகச் சொல்றா."

கருத்தையா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரு?" என்றார்.